பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது?

ஜொகூர் பாரு சந்தையில் வாங்கும் வாழைப்பழத்திலும் எதிர்ப்பொருள் பிறக்கிறது. பழத்தின் பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடையது. அது ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளை, உமிழும். அந்தப் பாசிட்ரான் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து கதிராகிவிடும்.

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகப் பிறந்திருந்தால் பூமியும் இல்லை, நாமும் இல்லை. ஏறக்குறைய நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் கூடுதலாக இருந்ததால்தான் இத்தனையும் மிஞ்சின. அந்த ஒன்று எப்படி வந்தது?

கரும்பொருள் வேறொரு புதிர். ஆண்ட்ரோமேடா மண்டலத்தின் வெளிப்புறம் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதை வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் ஏதோ ஒன்று அண்டத்தில் மறைந்திருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே விடை இருக்கலாம் என்று 2020இல் இயற்பியலாளர்கள் ரேமண்ட் கோ, கெய்சுகே ஹரிகாயா இருவரும் எழுதினார்கள். அவர்கள் நம்பியது அக்ஸியானை. நியூட்ரானில் மின்னூட்டச் சாய்வு ஏன் தென்படவில்லை என்பதை விளக்க பெச்சேயும் குவினும் 1977இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த துகள் அது. இன்னும் யாரும் கண்டதில்லை.

தாம்பாளத்தின் ஓரத்தில் உருட்டிவிட்ட கோலிக்குண்டைப்போல், தொடக்க அண்டத்தில் அக்ஸியான் புலம் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பது அவர்கள் கருத்து. சுற்றும் திசையே பொருளுக்குச் சாதகமாக அமைந்தது. அண்டம் குளிர்ந்தபின், சுழற்சியில் எஞ்சிய ஆற்றல் கரும்பொருளானது. ஒரே அசைவில் இரண்டு விடைகள் என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. ஆனால் எளிய வடிவில் கணக்கிட்டால் கரும்பொருள் தேவைக்கு மேல் வந்துவிடுகிறது. கூடுதல் இயற்பியலைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

கரும்பொருள் அக்ஸியான்தான் என்றால், இப்போது நம் அறைக்குள்ளும் அது நிறைந்திருக்கும். சியாட்டிலில் ஏடிஎம்எக்ஸ் குழு, வலுவான காந்தப்புலத்தில் அக்ஸியான் நுண்ணலையாக மாறுகிறதா என்று தேடுகிறது. அணுக்கருவின் தற்சுழற்சி அக்ஸியானால் தள்ளாடுகிறதா என்று பார்க்கும் காஸ்பர் சோதனையை முன்மொழிந்தவர்களில் இயற்பியலாளர் சுர்ஜித் ராஜேந்திரனும் ஒருவர். சுழலும் அக்ஸியான் கதை உண்மையானால், ஏடிஎம்எக்ஸ் இதுவரை துழாவிய எடையைவிடக் கனமான அக்ஸியான்தான் அகப்பட வாய்ப்பு அதிகம். அந்த எல்லையை எட்டும் கருவிகளை இப்போது பல குழுக்கள் கட்டிவருகின்றன.