மல்லாட்டையும் கல்மரமும் சொல்லும் கதை



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட தலைப்பு பரிணாமம். "ஐயோ, இதுவும் பாடமா?"ன்னு அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இது ஒரு பாடம்தான். ஆனா பரிணாமம் என்றால் என்னன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. "குரங்கு மனுஷனா மாறினது" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியே தப்பு! எப்படித் தப்பு என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம்ம கழனிக்குப் போவோம்.

மல்லாட்டை எப்படி வந்தது?

மற்ற ஊர்க்காரங்க வேர்க்கடலை, நிலக்கடலை என்பார்கள். நமக்கு அது மல்லாட்டை. விவசாயிகள் "டி.எம்.வி. விதை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டி.எம்.வி. என்றால் வேறொன்றுமில்லை, நம்ம திண்டிவனம்! அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு அந்தப் பெயர். டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் வெளியானது. அதை எப்படி உருவாக்கினார்கள் தெரியுமா? குடியாத்தம் பக்கம் விளைந்த கொத்துக்கடலையில் நல்ல செடிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றின் விதையை மட்டும் சேர்த்து விதைத்துப் பெருக்கினார்கள். அவ்வளவுதான்.

ஒரே வயலில் இருந்தாலும் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் காய் அதிகம், ஒன்றில் குறைவு. ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று வாடிப் போகும். இதைத்தான் வேறுபாடு என்கிறோம். நல்ல செடியின் குணம் அதன் விதைக்கும் போகும். இது பாரம்பரியம். மனிதன் பொறுக்கி எடுப்பது தேர்வு. இந்த மூன்றும் சேர்ந்தால் சில தலைமுறைகளில் பயிரே மாறிவிடுகிறது.

மல்லாட்டையில் இன்னொரு அதிசயமும் இருக்கு. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே இரண்டு காட்டுக் கடலைச் செடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 20 குரோமோசோம்கள். இந்த இரண்டும் ஒரு காலத்தில் கலந்து, குரோமோசோம்களும் இரட்டிப்பாகி, 40 குரோமோசோம் உள்ள ஒரு புதிய செடி உண்டானது. அதுதான் நாம் வறுத்துத் தின்னும் மல்லாட்டை! "புதிய இனம் எப்படிங்க தோன்றும்?"னு யாராவது கேட்டால் ஒரு கைப்பிடி மல்லாட்டையைக் கொடுத்துவிட்டு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

காட்டில் யார் பொறுக்குவது?

கழனியில் விவசாயி பொறுக்குகிறார், சரி. காட்டில்? இந்தக் கேள்விக்குத்தான் சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸும் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள். 1858இல் அவர்கள் எழுதியது லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. 1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம் வந்தது. விடையைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. உயிரினங்கள் பிழைக்கக் கூடியதை விட அதிகமாகக் குஞ்சும் விதையும் போடுகின்றன.
2. அவற்றுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கின்றன.
3. அந்த இடத்துக்குப் பொருந்தும் வேறுபாடு உள்ளவை அதிகம் பிழைத்து அதிகம் வாரிசு விடுகின்றன.
4. அந்தக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறது.

இதுதான் இயற்கைத் தேர்வு. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். தனி ஒரு ஆடோ செடியோ தன் வாழ்நாளில் மாறுவது பரிணாமம் இல்லை. கூட்டம் முழுவதும் பல தலைமுறையில் மாறுவதுதான் பரிணாமம்.

மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது?

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"ன்னு கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. 1940களில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்தது. முதலில் நோயாளிகள் தேறினார்கள். ஆனால் அந்த ஒரே மருந்தைக் கொடுத்தபோது, சில மாதங்களிலேயே பலருடைய உடம்பில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. கிருமி யோசித்துத் திட்டம் போட்டதா? இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் வேறுபாடு தற்செயலாக இருந்தது. மருந்து மற்றதையெல்லாம் கொன்றது. மிஞ்சினது பெருகினது. வயலில் விவசாயி செய்த வேலையை இங்கே மருந்து செய்துவிட்டது!

அதனால்தான் இப்போது பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் "சரியாயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்தினால், மிச்சம் இருப்பது கொஞ்சம் கெட்டியான கிருமிகள். அவை திரும்பப் பெருகி வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டால், டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை சாப்பிடச் சொல்லுங்கள். பரிணாமம் படிப்பதால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்!

திருவக்கரை கல்மரம்

நம் ஊரிலிருந்து கிழக்குப் பக்கம், வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றோரம் இருக்கிறது திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்கு நம்ம சனங்க போவாங்க. ஆனால் பக்கத்தில் உள்ள தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில், சுமார் 247 ஏக்கர் பரப்பில், ஏறத்தாழ 200 கல்மரங்கள் அங்கே கிடக்கின்றன. சில 3 மீட்டர் நீளம், சில 15 மீட்டர் வரை. 1781இலேயே சோனரா என்ற ஐரோப்பியர் இதைப் பார்த்து எழுதிவிட்டார். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்!

மரம் எப்படிக் கல்லாகும்? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலுக்குள் ஆழமாகப் புதைந்தது. காற்று படாததால் சீக்கிரம் மக்கவில்லை. மணலில் உள்ள சிலிக்கா, நீரில் கரைந்து மரத்தின் செல்களுக்குள் போய் நிரம்பியது. கொஞ்சம் கொஞ்சமாக மரம் இருந்த இடத்தில் கல் உட்கார்ந்தது. ஆனால் அச்சு அப்படியே இருக்கிறது. அந்தக் கல்மரங்களில் கிளையும் இல்லை, வேரும் இல்லை. அதனால்தான் அவை அங்கேயே வளரவில்லை, வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்கிறார்கள்.

அந்தக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீர்க் குழாய்கள்கூடத் தெரியும். ராமானுஜம் என்ற தாவரவியலாளர் 1950களில் அப்போதைய தென்னாற்காடு மாவட்டக் கல்மரங்களை இப்படி ஆராய்ந்து, குங்கிலியக் குடும்பத்து மரங்கள் இருந்ததைக் காட்டினார். இன்று அந்தக் குடும்பத்து மரங்கள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மலேசியா போன்ற நாடுகளின் மழைக்காடுகளிலும் வளர்கின்றன. அப்படியானால், இன்று முந்திரித் தோப்பும் சவுக்கும் நிற்கிற பூமியில் ஒரு காலத்தில் மழைக்காட்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன!

மண்டகப்பட்டுப் பாறையில் ஏன் இல்லை?

"நம்ம ஊர்லயும் இவ்வளவு பாறை இருக்கே, இதுல ஏன் கல்மரம் இல்ல?" நல்ல கேள்வி. நம்ம பாறை கருங்கல். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி உறைந்தது. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. உருகிய குழம்பில் மரமோ எலும்போ மிஞ்சாது. அது உறைந்த காலத்தில் பூமியில் மரமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். திருவக்கரைப் பாறையோ மணல் படிந்து இறுகினது. படிவுப் பாறையில்தான் தொல்லுயிர் எச்சம் கிடைக்கும்.

7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவர் நம்ம ஊர்க் குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்ததாக அங்கே கல்வெட்டு சொல்கிறது. மரம் மக்கிவிடும், கல் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் சில மைல் தூரத்தில் மரமே கல்லாகி 2 கோடி வருஷமாகக் கிடக்கிறது பாருங்கள்!

அடுக்கு மாறாத சாட்சி

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் இருக்கு. அது டைனோசர்கள் வாழ்ந்த கிரேட்டேசியஸ் காலத்தது. அது பூக்காத ஊசியிலை வகை மரம். பின்னால் வந்த திருவக்கரை மரங்களில் பெரும்பாலானவை பூக்கும் வகை. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரின் எச்சங்கள் கிடைக்கின்றன. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது! அந்த அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தன. அரியலூரின் அந்த அடுக்கில் ஒரு மாட்டு எலும்போ மனித எலும்போ கிடைத்தால் பரிணாமக் கொள்கை ஆட்டம் கண்டுவிடும். இதுவரை அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. "வெறும் தியரிதானே" என்பவர்களுக்கு இதுதான் பதில். அறிவியலில் தியரி என்றால் யூகம் இல்லை. சோதித்துப் பார்த்து, தோற்காமல் நிற்கும் விளக்கம்.

இடைப்பட்ட உயிர்களும் கிடைத்திருக்கின்றன. ஜம்மு காஷ்மீரின் காலகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்து வைத்த பாறைகளில் 'இண்டோஹையஸ்' என்ற சிறு விலங்கின் எலும்புகள் இருந்தன. பார்க்க சின்ன மான் மாதிரி, நான்கு கால், குளம்பு. ஆனால் அதன் காது எலும்பு திமிங்கிலத்தின் காது எலும்பு மாதிரி தடித்திருந்தது! 2007இல் இது வெளியானது. திமிங்கிலத்தின் முன்னோர் நிலத்தில் நடந்தவை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி.

அப்போ மனுஷன்?

இப்போது முதலில் சொன்ன தப்புக்கு வருகிறேன். இன்றைய குரங்கு எதுவும் மனிதனாக மாறவில்லை. நீங்களும் உங்கள் சித்தப்பா பிள்ளையும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். சித்தப்பா பிள்ளை மாறி நீங்கள் ஆகவில்லையே! அதே மாதிரி மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே முன்னோர். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நமது இரண்டாம் குரோமோசோம், இரண்டு பழைய குரோமோசோம்கள் ஒட்டியது. ஒட்டின இடத்தின் தழும்பு இன்றும் அதில் தெரிகிறது.

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் ஆயுதங்களின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் கணக்கிட்டார்கள். நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம்தான். அப்படியானால் அந்த ஆயுதத்தைச் செதுக்கிய கை நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தின் கை!

ஒரே மரத்தின் கிளைகள்தான் எல்லா உயிரும். இதில் மேல், கீழ் இல்லை. மனுஷங்களுக்குள்ளே பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுபவர்களுக்கும் இது பொருந்தும். நாம் அத்தனை பேரும் ஒரே இனம்.

ஒரு வேண்டுகோள்

திருவக்கரைக்குப் போனால் ஒரு துண்டுக் கல்மரத்தைக்கூட எடுத்து வராதீங்க. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் நம்ம தம்பி தங்கைகளுக்குப் பார்க்க என்ன மிஞ்சும்? 2 கோடி வருஷம் கிடந்ததை நம்ம காலத்தில் தொலைத்தோம் என்ற பெயர் வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரு படி மல்லாட்டையில் 50 காய் எடுத்து, ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இரண்டு பருப்பு எத்தனை, மூன்று பருப்பு எத்தனை என்றும் எண்ணுங்கள். வேறுபாடு என்றால் என்னன்னு கண்ணால் பார்ப்பீர்கள். அளந்து முடித்த பிறகு தின்னலாம்!

யோசித்துச் சொல்லுங்கள்

உங்கள் தோளிலிருந்து முழங்கை வரை ஒரு எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. ஆட்டின் முன்னங்காலிலும் வவ்வாலின் இறக்கையிலும் அதே வரிசை இருப்பது ஏன்? விடையை ஒரு தாளில் எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். நல்ல விடை அடுத்த மாத இதழில் வரும்.