ஆய்வு மாணவரும் அவரைச் சூழ்ந்த ஊரும்

இலங்கையில் முதற் பட்டத்துக்குப் பின்னர் பல்கலைக்கழகத்தில் தொடரும் கல்வி, உயர்பட்டப் படிப்பு என்றும் பட்டப்பின் படிப்பு என்றும் வழங்கப்படுகிறது. 2012ஆம் ஆண்டு வெளியான இலங்கைத் தகைமைச் சட்டகம் பட்டப்பின் சான்றிதழை 7ஆம் மட்டத்திலும், பட்டப்பின் டிப்ளோமாவை 8ஆம் மட்டத்திலும், பாடங்களால் மட்டும் பெறும் முதுமாணிப் பட்டத்தை 9ஆம் மட்டத்திலும், பாடங்களோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணிப் பட்டத்தை 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணியை 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டத்தை உச்சமான 12ஆம் மட்டத்திலும் வைத்திருக்கிறது. கிரெடிட் எனப்படும் ஒவ்வோர் அலகும் மாணவரின் 50 மணிநேர உழைப்பைக் குறிக்கும். விரிவுரையில் இருந்த நேரம், தனியே வாசித்த நேரம், ஒப்படை எழுதிய நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால், ஆய்வரங்கில் எழுந்து நின்று தன் முடிவைக் காத்துப் பேசுவது, ஆய்விதழின் மதிப்பீட்டாளர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு மறுமொழி எழுதுவது, நிதி கேட்டு விண்ணப்பம் வரைவது, முதலாம் வருட மாணவருக்கு வகுப்பெடுப்பது, தான் ஆராய்ந்த ஊரின் மக்களுக்கு ஆய்வின் பயனை விளக்கிச் சொல்வது ஆகியவை பெரும்பாலும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நேரமும் மனமும் உள்ள மேற்பார்வையாளர் வாய்த்த மாணவர் இவற்றைக் கற்றுக்கொள்கிறார். மற்றவர் பட்டம் பெற்ற பின்னரும் கற்காமலே இருந்துவிடுகிறார். தொழில்சார் விருத்தி என்று இன்று பல்கலைக்கழகங்கள் பேசுவது இந்தத் திறன்களைத்தான். இவை ஆய்வுக்குப் பூட்டும் அணிகலன்கள் அல்ல, ஆய்வுப் பயிற்சியின் சரிபாதி என்பதை ஏற்றுக்கொள்ளாத வரையில் உயர்பட்டப் படிப்பு குறையுள்ளதாகவே இருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் புலமையின் வரலாறே இதற்குச் சான்றாகிறது. வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை காலந்தொட்டு, மேற்படிப்பு என்பது கடல் கடப்பதாகவே இருந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதுகலைப் பயிற்சி பெற்றார். அதன் பின்னர் அவர் செய்தவை, கற்றவர் எதற்குக் கூட வேண்டும் என்பதை நன்கு காட்டுகின்றன. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார்; 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார்; அம்மன்றம் கூட்டிய மாநாடுகள் பல நாட்டு ஆய்வாளரை ஒரே மண்டபத்தில் இருத்தின. ஆய்வை வெளியிட ஓர் இதழ், ஆய்வாளர் சேர ஒரு சங்கம், நேரில் நின்று வாதிட ஓர் அரங்கு என்ற மூன்றும் இருந்தால்தான் தனி மனிதரின் படிப்பு ஒரு துறையின் அறிவாக மாறும் என்பதை அவர் செயலில் நிறுவினார். தமிழாய்வாளர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். தமிழ் வீரயுகப் பாடல்களையும் பண்டைத் தமிழ் நாடகத்தையும் கிரேக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பார்வை, அந்தப் புலமைச் சூழலோடு ஒட்டி வளர்ந்தது. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்து, இறுதி நாளில் உயிரிழப்புகளோடு துயரமாக முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளாகத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். ஊரிலேயே உயர்பட்டம் பெறும் வழி அவ்வாறுதான் பிறந்தது.

உலகின் பிற பகுதிகளில் இந்தத் துணைப்பயிற்சி முறையாக வகுக்கப்பட்டது அண்மைக் காலத்தில்தான். பிரித்தானியாவில் 2002இல் வெளியான ரொபேட்ஸ் அறிக்கை, கலாநிதிப் பட்ட மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரப் பயிற்சி தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அப்பயிற்சி எந்தத் தொழிலுக்கும் எடுத்துச் செல்லத்தக்க திறன்களைத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய ‘மூன்று நிமிட ஆய்வுரை’ப் போட்டியில், மாணவர் ஒரே ஒரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குள், துறை சாராதவருக்கும் விளங்கும்படி தம் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும். பல நாடுகளுக்கும் பரவிய இப்போட்டியை வெறும் பேச்சுப் போட்டியாக எண்ணுவது தவறு. எது ஆய்வின் மையக் கேள்வி, எது துணை விவரம் என்று மாணவர் தமக்குள் தெளிந்தாலன்றி மூன்று நிமிடத்துக்குள் எதையும் சொல்ல இயலாது. குடாநாட்டில் இதைத் தமிழில், கிராமத்துச் சனசமூக நிலைய மண்டபங்களில் நடத்தினால் இரட்டைப் பயன் விளையும். விஞ்ஞான, மருத்துவ மாணவர் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதால், அதே பொருளைத் தாய்மொழியில் சொல்லத் தடுமாறுகிறார்கள்; தமிழில் எழுதும் கலைப்பீட மாணவருக்கோ தம் ஆய்வைப் பிறமொழி அரங்குக்கு எடுத்துச் செல்லும் பயிற்சி போதாது. இரு சாராரும் ஒரே மேடையில் ஏறுவது இருவருக்கும் நல்லது.

யாழ்ப்பாணத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழகத்துக்கு உயர் பட்டப் படிப்புகளுக்கென ஒரு பீடம் இருக்கிறது. யாழ்ப்பாண விஞ்ஞான சங்கம் போர் உக்கிரமாக நடந்த 1990களின் தொடக்கத்தில், மின்சாரமும் போக்குவரத்தும் அற்றிருந்த நாட்களில் உருவாகி, துறை வாரியான பிரிவுகளோடு ஆண்டு அமர்வுகளை நடத்தி வந்திருக்கிறது. ஆய்வுச் சுருக்கம் ஒன்றை எழுதி அனுப்பி, அது ஏற்கப்பட்டு, சபையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முதல் அனுபவம் மாணவருக்குக் கிடைக்கும் இடம் இத்தகைய அமர்வுகளே. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏற்பட்ட இழப்பை நினைவிற்கொண்ட சமூகத்தின் முயற்சியாக, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் எவரும் இலவசமாக வாசிக்கத் தந்திருக்கிறது. பௌதிகவியல் துறை, தூய சக்தி ஆய்வில் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து மாணவரைப் பரிமாறிக்கொண்டதும் குறிப்பிடத்தக்கது. தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வுக் கொடைகள், பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட், இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் என்று கதவுகள் பல உள்ளன. அவற்றைத் தட்டும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. ஒருமுறை வென்றவர் அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவரின் வரைவை வாசித்துத் திருத்திக் கொடுப்பதற்குப் பணம் தேவையில்லை. மாணவர்க்கிடையே ஒரு கூட்டு இருந்தாற் போதும்.

இத்திறன்களைப் பழக ஓர் ஆய்வுக் களமும் வேண்டும்; காங்கேசன்துறை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இத்துறைமுக ஊர், ஓர் ஆய்வு மாணவர் தம் பாடத்தின் கேள்விகளை நேரில் காணக்கூடிய வெளியாகும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் கிடக்கின்றன. அதே 1990இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. புவியியலாளர், வரலாற்று மாணவர், சட்ட மாணவர், உளமருத்துவ மாணவர், பொருளியல் மாணவர் என ஒவ்வொருவருக்கும் இங்கே வேலை உண்டு. கீரிமலையில் கடலுக்கு மிக அண்மையில் நன்னீர் ஊறுவது ஏன் என்ற கேள்விக்குக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையின் இயல்பை அறிந்தாலன்றி விடை இல்லை.

நிலத்தடி நீர் ஆய்வையே எடுத்துக்கொண்டால், தொழில்சார் திறனும் சமூகத் தொடர்பும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பது புலப்படும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிநீரும் தோட்டத்து நீரும் கிணற்றிலிருந்தே வருகின்றன. உரமும் மலசலக்குழிகளும் நைத்திரேற்றை நீருக்குள் சேர்க்கின்றன. மாதிரி எடுக்கப் போகும் மாணவர் முதலில் வீட்டுக்காரரின் அனுமதியைப் பெறுகிறார். நீரிறைக்கும் யந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றுகிறார். போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, நாள், நேரம், இடம் எழுதிய சீட்டை ஒட்டிக் குளிர்பெட்டியில் வைக்கிறார். இதுவரை செய்தது ஆய்வுகூடக் கையேட்டில் உள்ளது. அதன் பின்னர் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி கையேட்டில் இல்லை: “தம்பி, இந்தத் தண்ணியைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?” உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதும், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி என்பதும், கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது என்பதும் மாணவருக்குத் தெரிந்திருக்கும்; அதைப் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்லும் பக்குவம் தெரிந்திருக்க வேண்டும். பெறுபேறு வந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆய்வு ஒழுக்கத்தின் பகுதியாகும். பல ஆய்வுகளில் தவறவிடப்படுவதும் அதுவே. மீள்குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ பேருடைய வினாக்கொத்துகளுக்குப் பதில் சொல்லிக் களைத்திருக்கின்றன. தாம் சொன்னது எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பதில் முழு நியாயம் உண்டு. அவர்களுடைய நேரத்தை வாங்கிய ஒவ்வோர் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கமும் அந்தந்தப் பிரதேச நூலகத்தில் வைக்கப்பட வேண்டும் என்று உயர்பட்டப் பீடங்கள் விதி செய்தால், மாணவரும் எளிய தமிழில் எழுதப் பழகுவார்கள்.

முதுமாணி மாணவர்களில் பலர் வேலை பார்ப்பவர்கள். தெல்லிப்பழைப் பாடசாலையொன்றில் கிழமை நாட்களில் கற்பிக்கும் ஆசிரியை, சனி ஞாயிறுகளில் விரிவுரைக்குப் போய், வீட்டு அலுவலும் முடித்து, இரவில் ஆய்வேடு எழுதுகிறார். பயிற்சிப் பட்டறைகளும் வருகைப் பேராசிரியரின் உரைகளும் வேலை நாளின் முற்பகலில் வைக்கப்பட்டால் அவருக்கு அவை நடந்ததாகவே தெரியாது. முழுநேர மாணவரை மனத்தில் வைத்து வகுத்த திட்டங்கள் இவரைப் போன்றோரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இத்தனைக்கும் வகுப்பறை அனுபவம், ஊர் அறிமுகம், பெற்றோரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஆய்வுக்குக் கொண்டுவருபவர் இவரே. வார இறுதி நிகழ்ச்சி, பிள்ளைகளைக் கூட்டிவரக்கூடிய இடம், இரவில் இணையவழிக் கலந்துரையாடல், நான்கைந்து பேர் சேர்ந்து வாரந்தோறும் ஒருவர் எழுதிய பக்கங்களை மற்றவர் வாசித்துக் கருத்துச் சொல்லும் எழுத்துக் குழு ஆகியவை பெருஞ்செலவு கேட்பவையல்ல. 2015 ஜனவரியில் ரயில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கிய பின்னர் கொழும்பு நூலகங்களுக்கும் சுவடிக்கூடங்களுக்கும் போய்வருவது எளிதாயிற்று. ஆயினும் பகுதிநேர மாணவருக்குப் பயணப்படி கொடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த எளிமை பணமுள்ளவருக்கே பயன்படும்.

காங்கேசன்துறையிலிருந்து கடல்வழியும் உண்டு. 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் இங்கிருந்து தமிழ்நாட்டின் நாகபட்டினத்துக்குத் தொடங்கிய கப்பற்சேவை, சில நாட்களிலேயே இடைநின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி தொடங்கியது; வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது தடைப்படுவதும் உண்டு. சில மணிநேரப் பயணத்தில் சென்றடையும் அந்நகரில்தான் 2012இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் கடற்றொழில் துறை மாணவருக்கு இவை அண்மையான துணையாகும். பாக்கு நீரிணையில் அடிமட்ட இழுவைப் படகுகள் கடலின் அடித்தளத்தை வாரிச் செல்வதும், இலங்கை 2017இல் அம்முறையைச் சட்டத்தால் தடை செய்ததும், காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள மயிலிட்டி மீனவரின் வலைகள் அறுபடுவதும் இரு கரையிலும் வெவ்வேறு விதமாகப் பேசப்படுகின்றன. ஒரே மீன்வளத்தைப் பற்றி இரு கரை மாணவரும் ஒரே அளவுமுறையில் தரவு சேகரித்து, ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கூட்டுப் பயிற்சி ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மீன்வளப் பல்கலைக்கழகமும் தொடங்கலாம். மாணவர் விசா, ஆய்வு அனுமதி, மாதிரிகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதற்கான சுங்க நடைமுறை ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் தனியே அலைந்து தீர்க்க விடாமல், நிறுவனங்களுக்கிடையே ஒரே உடன்படிக்கையில் முடித்துவைப்பது அதற்கு முதல் வேலை.