டிஸ்பிளே வராத புதிய கிராபிக்ஸ் கார்டு

மேசைக் கணினியில் புதிதாகப் பொருத்திய வரைகலை அட்டையின் விசிறி சுழன்றும், மானிட்டர் கருப்பாகவே இருப்பது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். கடைகளில் வரைகலை அட்டை கிராபிக்ஸ் கார்டு என்றும், இச்சிக்கல் 'டிஸ்பிளே வரவில்லை' என்றும் குறிப்பிடப்படுகின்றன. இத்தகைய நேரங்களில் கார்டு பழுது என்று முடிவு செய்வது எளிது. ஆனால் குறை பெரும்பாலும் கேபிளிலோ, மின் இணைப்பிலோ, ஸ்லாட்டிலோ, பயாஸ் அமைப்பிலோ இருக்கும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே வங்கக் கடலோரம் அமைந்துள்ளது. இங்குள்ள மாணவர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ கார்டு வாங்கினால், அதைத் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. சென்னை ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில் உள்ளது. நல்ல கார்டைத் திருப்பி அனுப்பினால் நாட்கள் வீணாகும். குறை கணினியில் இருந்தால், மாற்றி வரும் கார்டும் அதே கருப்புத் திரையைத்தான் காட்டும். அதனால் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது பணத்தையும் நேரத்தையும் காக்கும்.

கேபிளும் மானிட்டரும்

மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தனிக் கார்டு பொருத்தப்பட்டதும் பல மதர்போர்டுகள் உள்ளமைந்த வரைகலையை நிறுத்திவிடும். பழைய பழக்கத்தில் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ முனையில் செருகினால் படம் வராது. அது கார்டின் முனையில் இருக்க வேண்டும். மானிட்டரின் உள்ளீட்டுத் தேர்வும் அந்த முனைக்கே மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

விஜிஏ முனை மட்டுமே உள்ள பழைய மானிட்டர்களில் இன்னொரு தடை உண்டு. 2016 இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் டிவிஐ முனையில் அனலாக் சமிக்ஞை இல்லை. முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும் மலிவான அடாப்டர் இங்கே பயன்படாது. சமிக்ஞையையே மாற்றும் கன்வெர்ட்டர் தேவை.

கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் முனையில் படம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் பெயரின் இறுதியில் எஃப் எழுத்துள்ள இன்டெல் செயலிகளிலும், ஜி எழுத்து இல்லாத பழைய ரைசன் செயலிகள் பலவற்றிலும் உள்ளமைந்த வரைகலையே கிடையாது. அவற்றில் இச்சோதனை எதையும் சொல்லாது.

மின்சாரம்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தருகிறது. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் வர வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். இந்தக் கேபிள் செருகப்படாவிட்டாலும் விசிறி சுழலக்கூடும். விசிறி சுழல்வதை வைத்து மின்சாரம் போதுமென்று முடிவு செய்யக் கூடாது.

செயலிக்கான 8 பின் இணைப்பும் கார்டுக்கான 8 பின் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். செயலிக்குரியது 4+4 ஆகவும், கார்டுக்குரியது 6+2 ஆகவும் பிரியும். இரண்டிலும் மின்முனைகள் எதிரெதிர் இடத்தில் உள்ளன. ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் செருகினால் கருப்புத் திரையைவிடப் பெரிய இழப்பு நேரும். அதுபோல், கழற்றக்கூடிய கேபிள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் பயன்படுத்தக் கூடாது.

கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று எழுதியிருக்கும். அதை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் உள்ள ஆம்பியர் அளவைப் பார்க்க வேண்டும். அங்கே 20 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 20 = 240 வாட் மட்டுமே கிடைக்கும். செயலியும் கார்டும் இதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

உப்புக் காற்றும் ஸ்லாட்டும்

பொதுவான வழிகாட்டிகள் கவனிக்காத காரணம் ஒன்று காரைக்காலில் உண்டு. கடல் தூவலில் வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து கேபினட்டுக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் இந்த அளவு அடிக்கடி எட்டப்படுகிறது. அந்த மெல்லிய ஈரப்படலம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கத் தொடங்கும். முனைகளின் மேல் தங்கப் பூச்சு இருந்தாலும் அது மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படும்.

முழு அளவு ஸ்லாட்டில் 164 தொடுமுனைகள் உள்ளன. தரவுப் பாதைகளில் ஒன்றிரண்டு மட்டும் தடைபட்டால் கார்டு குறைந்த வேகத்தில் இயங்கக்கூடும். கடிகாரச் சமிக்ஞை போன்ற சில முனைகள் தடைபட்டாலோ கணினிக்குக் கார்டு இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் காலியாக இருந்த ஸ்லாட்டில் புதிய கார்டைச் செருகும்போது குறை கார்டில் அல்ல, அந்த ஸ்லாட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

சரிசெய்ய, மின்கம்பியைப் பிடுங்கி, கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டபின் கார்டைக் கழற்ற வேண்டும். (நிலைமின் ஆபத்து ஈரக் காற்றில் குறைவு, கடலோரத்துக்கு வாய்த்த ஒரே சலுகை இதுதான்.) கார்டின் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைக்கலாம். அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். பல நேரம் பலன் தந்தாலும் அது தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்ப்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது. ஸ்லாட்டுக்குள் புளோயரால் காற்று மட்டும் செலுத்த வேண்டும். எதையும் நுழைத்துக் கிளறக் கூடாது. நன்கு உலர்ந்தபின் கார்டை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால், உராய்வே முனைகளை ஓரளவு சுத்தமாக்கும். இறுதியில் ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். கார்டைப் பொருத்தும்போது கைபட்டு ரேம் தளர்வதும் உண்டு. ஆகவே அதையும் கழற்றிச் செருகுவது நன்று.

பயாஸ்

புதிய மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். விஜிஏ விளக்கு அணையாமல் நின்றால் கணினி கார்டில் தடுமாறுகிறது என்று பொருள். ஸ்பீக்கர் உள்ள பழைய போர்டுகள் பலவற்றில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் இதையே சொல்லும்.

யுஇஎஃப்ஐ இல்லாத பழைய போர்டில் புதிய கார்டும், பழைய முறைக்கான ஆதரவு நிறுத்தப்பட்ட புதிய போர்டில் மிகப் பழைய கார்டும் படம் தராமல் போகலாம். போர்டு நிறுவனத்தின் தளத்தில் பயாஸ் புதுப்பிப்பு உள்ளதா என்று பார்க்கலாம். சிஆர் 2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் அமைப்புகள் பெரும்பாலான போர்டுகளில் தொடக்க நிலைக்குத் திரும்பும். கார்டின் பக்கமும் குறை இருக்கலாம். விண்டோஸ் தொடங்கும்வரை சில டிஸ்பிளேபோர்ட் மானிட்டர்களில் படம் வராத சிக்கலுக்காக 2018 இல் என்விடியா தனது பழைய கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வெளியிட்டது. இத்தகைய கார்டில் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பயன்படுத்திய கார்டுகள்

2022 செப்டம்பரில் எத்தீரியம் சுரங்க முறையைக் கைவிட்டபின், அதற்காக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பி106-100 போன்றவற்றில் மானிட்டர் முனையே கிடையாது. முனை உள்ள சிலவற்றிலும் உள்மென்பொருள் மாற்றப்பட்டிருக்கலாம். விலை மிகக் குறைவாக இருந்தால் கார்டின் பின்புறப் படத்தைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் திரை கருப்பாகவே இருந்தால், போதிய எஸ்எம்பிஎஸ் உள்ள நண்பரின் கணினியில் கார்டைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கும் படம் வராவிட்டால் கார்டு பழுது என்று கொள்ளலாம். அப்போது திருகாணிகளைத் திறக்காமல், வரிசை எண் ஸ்டிக்கரைக் கிழிக்காமல், வந்த நிலைமின் தடுப்புப் பையிலேயே வைத்து, சோதனையின் வீடியோவோடு விற்பனையாளருக்கு அனுப்பலாம்.