ஸர் மிர்ஸாவும் நமது மைசூரும்

மைசூர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் தமிழ்ப் பிரயாணிகள் நம்மிடம் முதலில் வினவுவது பிருந்தாவனத்துக்கு வழி. நாமும் சலிக்காமல் சொல்லி வருகிறோம். 1927-ல் தொடங்கி 1932-ல் அத்தோட்டத்தை முடித்த திவான் யார் என்று கேட்போர் மிக அரியர்.

ஸர் மிர்ஸா இஸ்மாயில் 1883-ல் பெங்களூரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அலி அஸ்கர், பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து குதிரை வாணிபத்தின் பொருட்டு வந்து குடியேறியவர். பிழைப்புத் தேடி வந்தவரின் பேரன் 1926 முதல் 1941 வரை சமஸ்தானத்துத் திவானாக வீற்றிருந்தார் என்பது நம்மனோர்க்கு உவப்பான செய்தி. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருடன் ஒருங்கே பயிலும் பாக்கியம் நமக்கெல்லாம் வாய்க்காது. அது வேறு விஷயம்.

விடியற்காலையில் வீதிகளைத் தாமே சுற்றிப் பார்த்துக் குறை களைவது அவர் வழக்கம். ஆயினும் நகரின் அழகனைத்தையும் அவர் கணக்கில் எழுதுவது நீதியன்று. பிளேக் நோய் வாட்டிய பின்னர், 1903-லேயே நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு இங்கு ஏற்பட்டுவிட்டது. பிருந்தாவனத்திலும் ஜெர்மானிய நிபுணர் க்ரும்பிகலின் கைவண்ணம் உண்டு.

1928-ல் பெங்களூரில் கணபதிக் கலகம் மூண்டபோது, அவருடைய மதத்தைச் சுட்டித் தூற்றினர் சிலர். அது அநீதி என்பதே நமது கருத்து. ஆனால் அவர் கையில் குவிந்திருந்த அதிகாரத்தைப் பற்றிய முறையீடு வேறு வகையைச் சேர்ந்தது. பிரஜாப் பிரதிநிதி சபை 1881 முதலே இருந்தது. அதற்குத் தலைவரோ திவானே! சபை வெறுத்தாலும் அவர் பதவி அசையாது. அத்தகையவர் நினைத்தால் சாலையும் பூங்காவும் விரைவில் எழும். வேண்டாம் என்பவன் எங்கே போய்ச் சொல்வான்? 1938 ஏப்ரலில், அன்றைய கோலார் ஜில்லா விதுராசுவத்தத்தில், தடையை மீறிக் கூடிய ஜனங்கள் மீது போலீஸார் சுட்டனர், பலர் மாண்டனர். பின்னரே அவர் சர்தார் படேலுடன் உடன்பாடு கண்டு காங்கிரஸ் கொடிக்கு இடமளித்தார். நம் பிள்ளைகளுக்கு நீரூற்றைக் காட்டும்போது இதைச் சொல்லாமல் விடுவது, வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த பேரேடு போன்றதாகும்.

மகாராஜா 1940-ல் மறைந்தார். மறு ஆண்டே மிர்ஸா பதவி துறந்து, 1942-ல் ஜெய்ப்பூர்ப் பிரதம மந்திரியானார். அங்கும் சாலைகளை அகலப்படுத்தும் வேலையிலேயே இறங்கினார். அந்நகரின் பெருஞ்சாலையொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.