படர்தாமரை மாத்திரை: சோறு முக்கியம், சீட்டும் முக்கியம்

படர்தாமரை வந்தால் நம்மில் பலர் முதலில் போவது தெருமுனை மருந்துக் கடைக்கு. அங்கே கிடைக்கும் ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வீரியமான ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஆணையிட்டது, விற்பனை நிற்கவில்லை. பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். இடுப்பில் தொடங்கியது தொடை வரை இறங்கிய பிறகுதான் தோல் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் பெரும்பாலும் எழுதித் தருவது இட்ராகோனசோல் கேப்சூல்.

அந்தக் கேப்சூலுக்குள் இருப்பவை கடுகைவிடச் சிறிய உருண்டைகள். மருந்து அவற்றின்மேல் பூசப்பட்டிருக்கிறது. எளிதில் கரையாத மருந்து அது. வயிற்றில் அமிலம் சுரந்தால்தான் ரத்தத்தில் சேரும். அதனால்தான் வயிறாரச் சாப்பிட்ட கையோடு விழுங்கச் சொல்கிறார்கள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட் போதாது. காலையில் எழுந்ததும் பாண்டோப்ரசோல் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் ஏராளம். அமிலத்தையே அடக்கிவிடும் அந்த ‘கேஸ் மாத்திரை’யோடு சேர்ந்தால், விலை கொடுத்து வாங்கிய கேப்சூலில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறும். இதே மருந்தைத் திரவமாகக் கொடுத்தால் முறை தலைகீழ், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். புதுவகைக் கேப்சூல்களும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-லேயே எச்சரித்தது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டினுடன் சேர்ந்தால் தசை சிதையலாம். சில தூக்க மாத்திரைகளும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகளும் இதனோடு சேர்ந்தால் அளவு மீறி வேலை செய்யும். கர்ப்பிணிகள் தாமாகத் தொடவே கூடாது. கணுக்கால் வீக்கம், மூச்சிரைப்பு, பசியின்மை, சிறுநீர் கருமஞ்சளாவது, கண் மஞ்சளாவது என எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அரிப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நம் நாட்டில் இப்போது பரவலாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினே என்ற பூஞ்சை, இன்னொரு முக்கிய மருந்தான டெர்பினாஃபைனுக்குப் பல நேரங்களில் மசிவதில்லை. கையில் மிச்சமிருக்கும் நல்ல மருந்தையும் பாதியில் நிறுத்திக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் நீங்கள் போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பூசிய ட்யூபையும் பையில் எடுத்துப் போங்கள்.