களிமண்ணுல போலீஸ், கிரிக்கெட், இன்டர்நெட்!

தூரத்துல பார்த்தா கோயில் சிலை. கிட்டப் போனா கார்ட்டூன் முழி, இளிக்கிற பல்லு, தலையில ஒட்டவெச்ச முடி, மேல இருந்து கீழ வரைக்கும் பிங்க்கும் மஞ்சளுமா வழியுற கிளேஸ். 'இது எந்த ஊரு சாமி?'ன்னு கேட்கத் தோணும். சாமியெல்லாம் இல்லீங்க... சிட்னியில இருக்குற ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் செஞ்ச செராமிக் சிற்பம்!

1988-ல் இலங்கையில் பிறந்தவர். அடுத்த வருஷமே, உள்நாட்டுப் போர் சமயத்தில், குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிடுச்சு. ஓவியம் படிச்சிட்டு அப்புறம்தான் களிமண் பக்கம் வந்தார். ஒரு பக்கம் நம்ம ஊர் தெய்வச் சிலைகள், இன்னொரு பக்கம் இன்டர்நெட், ஃபேஷன். ரெண்டையும் ஒண்ணாப் பிசைஞ்சு கையாலேயே உருவம் பிடிக்கிறார். வழவழப்பு, நேர்த்தி எல்லாம் கிடையாது, விரல் தடம் அப்படியே தெரியும். 2015-ல் சிட்னி மையர் ஃபண்ட் ஆஸ்திரேலிய செராமிக் விருது இவருக்குத்தான் கிடைச்சது.

'சாமி உருவத்துல கார்ட்டூனா?'ன்னு சிலருக்குச் சுருக்குன்னு இருக்கலாம். ஆனா நம்ம ஊரு குயவர்கள் இதை எப்பவோ பண்ணிட்டாங்க பாஸ்! அய்யனார் கோயில் மண் குதிரைகளுக்கு நடுவுல, தொப்பியும் யூனிஃபார்முமா போலீஸ்காரர் விறைப்பா நிற்பார். சில இடங்கள்ல வெள்ளைக்காரச் சிப்பாய்கூட உண்டு. ஊரைக் காவல் காக்குறது அய்யனார் வேலை. காவல்னு சொன்னதும் அந்தந்தக் காலத்து ஜனங்களுக்கு யார் ஞாபகம் வந்தாங்களோ, அவங்க எல்லாம் அய்யனார் டீம்ல சேர்ந்துட்டாங்க. நவராத்திரி கொலுவுல தசாவதாரத்துக்குப் பக்கத்துலயே பேட், ஸ்டம்ப், அம்பயரோட கிரிக்கெட் செட் உட்கார்ந்திருக்கே, அதுவும் இந்தக் கதைதான்.

நம்ம கொங்குல இதுக்கு அழகா ஒரு பேர் இருக்கு... உருவாரம். உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில்ல, பொங்கல் சமயத்துல மண்ணுல செஞ்ச மாடு, கன்னு உருவாரங்களை வெச்சுக் கும்பிடுவாங்க. கால்நடைக்கு நோய்நொடி வரக்கூடாதுன்னு வேண்டுதல். இதுல பாப் கல்ச்சர் எங்கேன்னு கேட்டா... விவசாயி வீட்டுக்கு மாடுதானே சூப்பர் ஸ்டார்?

பெரிய மண் குதிரையில இருக்குற இன்ஜினீயரிங்கும் லேசுப்பட்டது இல்லை. நாலு காலும் உள்ளே கூடு. அது இறுகினதும் வயிறு, கழுத்து, தலைன்னு படிப்படியா மேலே ஏத்துவாங்க. மண்ணோட மணலும் உமியும் கலப்பாங்க. சூளையில உமி எரிஞ்சு பொடிப்பொடித் துளையாகும், ஈரம் அது வழியா வெளியேறும். இல்லேன்னா உள்ளே சிக்குன நீராவி குதிரையை வெடிக்க வெச்சிடும். எங்க மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல 'போராசிட்டி'ன்னு மனப்பாடம் பண்றோமே, அதேதான்!

அப்புறம் ஏன் ஒருத்தர் ஆர்ட்டிஸ்ட், இன்னொருத்தர் வெறும் 'பானை செய்யறவர்'? சிட்னி சிற்பத்துக்குக் கீழே பேர் இருக்கு. அய்யனார் கோயில் போலீஸ்காரரைச் செஞ்சவர் யார்னு எந்தப் பலகையிலயும் இல்லை. பேரும் இல்லை, பெரிய காசும் இல்லைன்னா அந்த வீட்டுப் பசங்க ஏன் சக்கரம் பக்கம் வரப்போறாங்க? இத்தனைக்கும் மண்ணைப் படிக்க இங்கே வழி இல்லாம இல்லை. கிண்டி ஏ.சி.டெக்-ல செராமிக் டெக்னாலஜி பி.டெக் இருக்கு. புதுச்சேரியில ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் ஆரம்பிச்ச கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில கத்துக்கிட்ட பலர் இன்னிக்கு நாட்டோட முக்கியமான செராமிக் கலைஞர்கள்.

இன்னொரு சிக்கல், மண்ணே கிடைக்கணும். துடியலூர்க்காரங்களுக்கு மண்ணுன்னா முதல்ல தடாகம் செங்கல் சூளைதான் ஞாபகம் வரும். வரைமுறை இல்லாம செம்மண் வெட்டினதுல பிரச்னை பெருசாகி, 2021-ல் அனுமதி இல்லாத சூளைகளை மூடினாங்க. மூடினது சரின்னுதான் எனக்குத் தோணுது. ஆனா உருவாரம் செய்யறவருக்கு மலையடிவாரத்தை லாரி லாரியா வெட்டத் தேவையில்லை. ஏரி, குளத்துல படியுற மண்ணு கொஞ்சம் போதும். அதை எடுக்குறதுக்கும் அனுமதி வேணும். குயவர்களும் விவசாயிகளும் அந்த அனுமதியைத் தாலுகா ஆபீஸ்ல தாசில்தார்கிட்டயே வாங்கிக்கலாம்னு 2024-ல்தான் விதியை மாத்தினாங்க.