கோழிக்கு வியர்க்குமா?

பல்லடம் பக்கம் பேருந்தில் சென்றவர்கள் சாலையோரக் கறிக்கோழிக் கொட்டகைகளைக் கண்டிருப்பீர்கள். அவை கிழக்கு மேற்காகவே நீண்டிருக்கும். அகலம் பெரும்பாலும் 30 அடியைத் தாண்டாது. பக்கச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு மேல் கம்பி வலை. ஏன் இப்படி?

ஒரு கணக்குப் போடுவோம். 2 கிலோ எடையுள்ள கோழி ஏறக்குறைய 15 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 5,000 கோழிகள் என்றால் 75,000 வாட்! ஒரு கிலோவாட் மின்அடுப்புகள் 75-ஐ இரவு பகலாக எரியவிட்டதற்குச் சமம்.

நமக்குப் புழுக்கமானால் வியர்க்கிறது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பிகளே இல்லை. அதன் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். உடலை உரசிச் செல்லும் காற்று இதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பத்தை வாங்கிச் செல்லும். சித்திரை வெயிலில் காற்றே 39 டிகிரியை எட்டும்போது அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பிறகு கோழி வாயைத் திறந்து இளைக்க வேண்டியதுதான். ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம்தான் இது! ஆனால் உள்ளே ஈரக்காற்று தேங்கி நின்றால் இதுவும் நடவாது. காற்றோட்டமற்ற கொட்டகைக்குள் நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பது கேட்டில் முடிவது இதனால்தான்.

இப்போது கொட்டகையின் அமைப்பு விளங்கும். காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும். ஒரு பக்கம் நுழையும் காற்று, சூடாகித் தளர்வதற்குள் மறுபக்கம் வெளியேறிவிடும்.

புழுக்கத்தில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். தின்றதும் முழுமையாக எடையாக மாறாது. 1 கிலோ எடை கூட 1.6 கிலோ தீவனம் போதுமென்றிருந்தது 1.8 கிலோ ஆனதாகக் கொள்வோம். 5,000 கோழிகள், ஆளுக்கு 2 கிலோ: கூடுதல் செலவு 2,000 கிலோ தீவனம், அதாவது 50 கிலோ மூட்டைகள் 40! பண்ணைச் செலவில் பெரும்பகுதி தீவனம்தான். நிறுவனத்தின் குஞ்சுகளைக் கூலிக்கு வளர்ப்பவருக்கும் இந்த விகிதத்தைப் பார்த்துத்தான் கூலி. விற்பனைக்கு முந்தைய வாரத்தில், பிற்பகல் வெயிலில் கொழுத்த கோழிகள் மடிந்தால், நாற்பது நாள் உழைப்பும் வீண்.

குளிர்காலத்தில் தொல்லை வேறு. குஞ்சுகளுக்குக் குளிருமே என்று படுதாக்களை முழுவதும் இறக்கிவிடுவார்கள். ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா கிளம்பும். பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கும். எனவே படுதாவின் மேல்பக்கத்தில் சிறிது இடைவெளி விடுவார்கள். சூடான ஈரக்காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். பண்ணைக்காரர் நின்றபடி முகர்ந்தால் போதாது. கோழி மூச்சுவிடும் உயரத்திற்குக் குனிந்து முகர வேண்டும்.